மீன்தொட்டிக் குழாயும் பள்ளிக்கூட வாசல் மாங்காயும்

போன வாரம் நம் பள்ளித் தோழர்கள் குரூப்பில், கப்பலூரில் பட்டறை வைத்திருக்கும் நம் தோழர் ஒரு கேள்வி போட்டிருந்தார். பேரன் அடம்பிடித்தான் என்று மீன்தொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டாராம். இப்போது அதைச் சுத்தம் செய்யத் தனியாகக் கருவிகள் வாங்கச் சொல்லிக் கடைக்காரர் பிடுங்குகிறாராம். கரண்டில் ஓடி அடியிலிருக்கும் அழுக்கை உறிஞ்சுகிற மிஷின் ஒன்று. கண்ணாடிக்கு உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒட்டிவைத்துத் தேய்க்கிற காந்தம் ஒன்று. கையால் அமுக்கித் தண்ணீர் இறக்குகிற, ரப்பர்க் குமிழ் வைத்த குழாய் ஒன்று. இதெல்லாம் வாங்கத்தான் வேண்டுமா, இல்லை நம் தலையில் கட்டப் பார்க்கிறார்களா என்பது அவர் கேள்வி.

கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டீர்கள். பழங்காநத்தத்துக்காரர் எழுதியிருந்தார்: "மாப்ள, ஒரு டியூப்ப விட்டு வாயால ஒரு இழு இழு. தண்ணி தன்னால வரும். இதுக்குப் போயி மிசினாம்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒரு சிரிப்பைப் போட்டேன். போட்டுவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒத்தக்கடையில் என் மகள் வீட்டில் ஒரு தொட்டி இருக்கிறது. அங்கே போனால் அதன் ஊழியம் எனக்குத்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டடித் தொட்டிக்குக் கரண்டு மிஷின் தண்டம். நாலு நாள் ஓடும், அப்புறம் பரணுக்குப் போய்விடும். காந்தம் பிள்ளைகள் விளையாட நன்றாயிருக்கும். மற்றபடி ஒரு பழைய ஸ்பான்ச் போதும், சோப்புப் படாததாக இருக்க வேண்டும். முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள், கால் பங்கு மாற்றினால் மீன் தாங்கும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்து ஊற்றுங்கள். ஆனால் அந்த ரப்பர்க் குமிழ் வைத்த குழாய் இருக்கிறதே, அதைக் கட்டாயம் வாங்குங்கள். இன்றைக்கே வாங்குங்கள். வாயால் இழுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். பேரன் பக்கத்தில் இருக்கும்போது விளையாட்டுக்குக்கூட அதைச் செய்து காட்டாதீர்கள்.

ஏன் இம்புட்டு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன், எழுதி அழிக்கிறேன். இது உங்களுக்கும் சம்பந்தப்பட்டது. நாம் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூட வாசலில் இருந்த மாங்காய்க்காரம்மா திடீரென்று காணாமல் போனார்களே, ஞாபகம் இருக்கிறதா? எவன் வத்தி வைத்தது என்று ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தோமே? வத்தி வைத்தது நான்.

அப்போது எங்கள் வீடு பசுமலையில், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அப்பா நம் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார், உங்கள் எல்லோர் காதையும் திருகியவர்தான். அவருக்கு எங்கிருந்தோ மீன்தொட்டி ஆசை வந்தது. இப்போது மாதிரி வெறும் கண்ணாடித் தொட்டி கிடையாது. இரும்புச் சட்டம் அடித்து, தண்ணீர் ஒழுகாமல் மூலைக்கு மூலை மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே பச்சைப் பெயிண்ட் அடித்த தகர மூடி போட்டு, அதற்குள் ஒரு குண்டு பல்பு. முன்னறையில் ஸ்டூலில் வைத்தார். காற்று விடுகிற சின்ன மோட்டார் நாள் முழுக்க உர்ரென்று உறுமும். ஆரஞ்சு மீன் நாலு, கறுப்பு மீன் ஒன்று. ரெண்டு தெரு தள்ளியிருந்தவர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பல்பைப் போட்டதும் முன்னறைச் சுவரில் தண்ணீர் வெளிச்சம் ஆடும். நானும் தம்பியும் வீட்டுப்பாடத்தை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே எழுதுவோம். தம்பிக்கு எட்டு வயது. மூன்றாம் வகுப்பு.

தொட்டியைச் சுத்தம் செய்வது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு. அதற்கென்று ஒரு கருவி வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த அவருடைய சினேகிதர் கொண்டுவந்து கொடுத்த குளுக்கோஸ் டியூப். அதை வாளித் தண்ணீரில் முக்கி, உள்ளே காற்று இல்லாமல் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டைவிரலால் பொத்தி, ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறு முனையைக் கீழே இறக்குவார். அழுக்கெல்லாம் ஒழுங்காக வாளிக்கு வந்துவிடும். வாய் வைக்க மாட்டார். எங்களைத் தொட விடவும் மாட்டார். "இதெல்லாம் பெரியாள் வேலை" என்று சொல்லிவிட்டார். ஏன் வாய் வைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த வருடம் ஆனி மாதம் அப்பா ஏதோ பயிற்சி என்று ஒரு வாரம் திண்டுக்கல் போனார். போன மறுநாளே ஒரு ஆரஞ்சு மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. எனக்குப் பதறிவிட்டது. குழாய்த் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறது, அதனால்தான் மீனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். மீன் எங்கே நன்றாக இருக்கிறது? கண்மாயில். அப்படியானால் கண்மாய்த் தண்ணீர்தான் மீனுக்கு நல்லது. பன்னிரண்டு வயது மூளைக்கு அது பெரிய கண்டுபிடிப்பு. பால் வாங்குகிற தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தென்கால் கண்மாய்க்குப் போனேன். கோடையில் வற்றி, கரையோரம் குட்டைகுட்டையாகக் கிடந்தது தண்ணீர். எருமைகள் படுத்திருந்தன. கரையில் மனிதர்கள் எதற்கெல்லாம் ஒதுங்குவார்கள் என்று உங்களுக்கே தெரியும். நான் இரண்டு நடை நடந்து தொட்டியில் ஊற்றினேன்.

நாலே நாளில் தொட்டி பச்சையாகிவிட்டது. மீன் இருப்பதே தெரியவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கப்பா வரட்டும், உனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அப்பா வருவது ஞாயிறு காலை. சனிக்கிழமை மத்தியானம் அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் நானும் தம்பியும் டியூபை எடுத்தோம். அப்பா செய்த மாதிரியே முக்கிப் பார்த்தேன், பொத்திப் பார்த்தேன். கட்டைவிரல் வழுக்கி வழுக்கிக் காற்று புகுந்துவிட்டது. தெருவில் லாரிக்காரர்கள் டீசலை வாயால் இழுத்து இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன். டியூபை வாயில் வைத்தேன். பாசியும் மீன் கழிவும் மாட்டுச் சாணியும் கலந்த மாதிரி ஒரு வாடை. குமட்டிக்கொண்டு வந்தது. எடுத்துவிட்டேன்.

எடுத்துத் தம்பியிடம் நீட்டினேன்.

அவன் மாட்டேன் என்றான். கறுப்பு மீனை உனக்கே தந்துவிடுகிறேன், இனிமேல் அது உன் மீன் என்றேன். அந்தக் கறுப்பு மீன்மேல் அவனுக்கு உயிர். வாயில் வைத்து இழுத்தான். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது இழுப்பில் தண்ணீர் சரக்கென்று வாய்க்குள் போய்விட்டது. இருமினான், கண்ணில் நீர் வந்தது. "முழுங்கிட்டேன்க்கா" என்றான். துப்புடா என்று முதுகில் தட்டினேன். துப்புவதற்கு ஒன்றும் இல்லை. அடுப்படியிலிருந்து சீனியை அள்ளி அவன் வாயில் போட்டேன். இதோடு விட்டேனா? குழாய் நடுவில் அடைத்துக்கொண்டு நின்றபோது மறுபடியும் இழுக்கச் சொன்னேன். மொத்தம் மூன்று தடவை. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு பிடி சீனி. அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். தொட்டி பளிச்சென்று ஆகிவிட்டது. அப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கம் கெட்ட பெருமை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், காலையில் கொஞ்சம் இறங்கும், மறுபடி ஏறும். நாக்கு வெள்ளையாகிவிட்டது. ஒரு வாரத்தில் எழுந்து உட்காரத் தெம்பில்லாமல் போய்விட்டான். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். விஷக்காய்ச்சல் என்றார். நல்லதல்லாத தண்ணீர், ஈ மொய்த்த பண்டம், இந்த மாதிரி ஏதாவது வயிற்றுக்குள் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு, "வெளியில என்ன திண்டான், என்ன குடிச்சான்?" என்று கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். தம்பி கட்டிலில் கிடந்தபடியே என்னைப் பார்த்தான். எனக்கு அந்த நிமிஷம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் வாடை வந்தது. தொட்டியின் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"பள்ளிக்கூட வாசல்ல மாங்கா வாங்கித் திண்டான்" என்றேன்.

அவன் தின்னவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்பக்க வாசல். முன்வாசலுக்கு அவர்களை விடவே மாட்டார்கள். அது அப்பாவுக்கும் தெரியும், அந்தப் பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அவன் அந்த வாசலில் நின்றதே கிடையாது. தின்றதெல்லாம் நான்.

நீங்களும் தின்றீர்கள். சாக்கை விரித்து, மூங்கில் கூடையில் கிளிமூக்கு மாங்காயை அடுக்கி, நெடுக்காகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, பிரியப்பட்ட பிள்ளைக்கு ஒரு கீற்று கூட வைப்பார்கள். நெல்லிக்காய் இருக்கும், கொடுக்காப்புளி இருக்கும். கூடைமேல் எப்போதும் ஈரத்துணி மூடியிருக்கும். ஒரு ஈ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் மகள் நம் வகுப்பில் படித்தாள், என் பெஞ்சில் எனக்கு அடுத்து. காலையில் அம்மாவும் மகளும் கூடையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். கூடையை இறக்கிவிட்டு அம்மா வாசலில் உட்காருவார், மகள் உள்ளே வந்து உட்காருவாள். மனக்கணக்கில் அவளைத் தோற்கடிக்க ஆள் கிடையாது. என் கணக்கையெல்லாம் அவளைப் பார்த்துத்தான் போட்டேன், வாத்தியார் மகள் நான்.

அப்பா மறுநாளே தலைமையாசிரியரிடம் போனார். வாசலில் யாரும் கடை போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. வாட்ச்மேன் கூடையைத் தூக்கித் தெருமுனையில் வைத்துவிட்டு வந்தாராம். அந்த வாரம் முழுக்க நான் பள்ளிக்கூடம் போனேன். அவளும் வந்தாள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஒரு நாள் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, கணக்குக் கேட்கிற மாதிரி.

"உன் தம்பிக்குப் பின்வாசல்தான. எங்கம்மாட்ட அவன் என்னைக்கு வாங்குனான்?"

"வாங்குனான். நீ பாக்கல" என்றேன்.

முதல் பொய்யாவது பயத்தில் வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இதை யோசித்துச் சொன்னேன். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாங்காய்க்காரம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. வாசற்கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் விசாரித்தார்கள். நான் ஜன்னல் துணிக்குப் பின்னால் நின்றேன். அப்பா வெளியே வந்து கத்தினார். பிள்ளையைக் கொல்லப் பார்த்தது போதாதா, இப்போது பழத்தோடு வேறு வந்திருக்கிறாயா என்று கேட்டார். அவர்கள் பதிலுக்குக் குரலை உயர்த்தவே இல்லை.

"நல்ல தண்ணியிலதான் கழுவுறேன் சார். எம்பிள்ளையும் அதத்தான் திங்குது. வாசல் இல்லன்னா நாங்க ஒத்தக்கடைக்கு எங்கண்ணன் வீட்டுக்குத்தான் போகணும். அங்க போனா இவ படிப்பு போயிரும் சார். இந்த ஒரு வருசம் மட்டும் விடுங்க சார்."

படிப்பு போய்விடும் என்பது எனக்குக் கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஜன்னலிலிருந்து வாசல் நாலு எட்டு. போய், 'அவன் தொட்டித் தண்ணியக் குடிச்சிட்டான்ப்பா' என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் எனக்கு அடி விழுந்திருக்கும். அவ்வளவுதான், அடி. நான் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் பையைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார்கள். அப்பா அதைச் சாக்கடையில் கொட்டினார்.

அவர்கள் போனபிறகு அம்மா முன்னறைக்கு வந்தார். தொட்டியின் பின்னால் சுருட்டி வைத்திருந்த டியூபை எடுத்தார். மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் அரிவாள்மனையில் வைத்து அதைத் துண்டு துண்டாக நறுக்கிக் குப்பையில் போட்டார். அடுத்த வாரம் தொட்டியே வீட்டில் இல்லை. பழைய இரும்புக்காரரிடம் சட்டத்தோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். அப்பா குதித்தபோது, சீக்காளி இருக்கிற வீட்டில் மோட்டார்ச் சத்தம் எதற்கு என்று சொல்லிவிட்டார். நானும் அதை நம்பினேன். எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் ஒரு நாள் சட்டென்று விளங்கியது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தன் மகளைக் காப்பாற்றிக்கொண்டு இன்னொருத்தி மகளைப் போக விட்டிருக்கிறார். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் என்னிடம் கேட்கவே இல்லை, நானும் கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை.

தம்பி பிழைத்துக்கொண்டான். தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டி, மொட்டை போட்டு, பழையபடி முளைத்தது. இப்போது கோயம்புத்தூரில் பேரன் பேத்தியோடு இருக்கிறான். போன வருடம் போனில் மெதுவாக இந்தப் பேச்சை எடுத்தேன். "எனக்கு அந்தக் கறுப்பு மீன் மட்டுந்தான்க்கா ஞாபகம் இருக்கு" என்றான். அவன் காய்ச்சல் அந்தத் தண்ணீரால்தான் வந்தது என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. வேறு எதனாலும் வந்திருக்கலாம். பல வருடம் இதைச் சொல்லியே தூங்கியிருக்கிறேன். ஆனால் மாங்காயால் வரவில்லை என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

இனிச் சொல்லப்போவது இரண்டு மாதத்துக்கு முந்திய சங்கதி. இதையும் உங்களிடம் மறைத்தேன். மகள் வீட்டிலிருந்து திரும்பும்போது ஒத்தக்கடையில் டவுன் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "நீ வாத்தியார் மகதான?" என்று கேட்டார். அவள்தான். முடியெல்லாம் வெள்ளை. மூக்கு அதே மூக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமன் வீட்டுக்குப் போனதும் கல்லுடைக்கிற இடத்தில் ஜல்லி சுமக்கப் போனாளாம், அப்புறம் கல்யாணம், அப்புறம் பல வருடம் ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை. மகன் இன்ஜினியர் என்று சந்தோஷமாகச் சொன்னாள். தம்பி எப்படி இருக்கிறான் என்றுதான் முதலில் கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கம்மா இருந்திருந்தா எம்புட்டுச் சந்தோசப்பட்டிருக்கும் தெரியுமா? சாகுற வரைக்கும் அதே நெனப்புதான்ப்பா. நம்ம மாங்காயாலதான அந்தப் பிள்ளைக்கு அப்படி ஆச்சுன்னு. அதுக்கப்புறம் தண்ணிய காய்ச்சி ஆறவச்சுத்தான் மாங்கா கழுவும். நான் சொல்லுவேன், ஏம்மா, அந்தப் பையன் வாங்கவே இல்லம்மான்னு. கேக்காது. வாத்தியார் வீட்டுப் பிள்ள பொய் சொல்லுமாடீன்னு என்னையத்தான் வையும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அப்படியா" என்றேன். பஸ் தெப்பக்குளம் வந்துகொண்டிருந்தது. நான் இறங்க வேண்டிய இடம் அதுவல்ல. இருந்தும் எழுந்துவிட்டேன். அவள் தன் நம்பரை என் போனில் தானே அழுத்திப் பதிந்து கொடுத்தாள். "நம்ம கிளாசுக்குக் குரூப்பு இருக்காமே, என்னையும் சேத்து விடுப்பா" என்றாள். சேர்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இன்றுவரை சேர்க்கவில்லை. நடுவில் உங்களில் ஒருவர், கணக்குப்புலி எங்கே இருக்கிறாளோ, யாருக்காவது தெரியுமா என்று குரூப்பில் கேட்டீர்கள். நான் வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் இப்படித்தான் நினைத்தேன்: இதை உங்களுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் அவளைச் சேர்க்கலாம். குரூப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முந்தி வந்த பதிவு கண்ணில் படாது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள். உங்களிடம் சொன்ன மாதிரியும் ஆகிவிடும், அவளுக்குத் தெரியாமலும் போய்விடும். பாருங்கள், இந்த வயதிலும் புத்தி எங்கே போகிறதென்று.

சற்றுமுன் அவளைச் சேர்த்துவிட்டேன். வந்ததும் எல்லோருக்கும் வணக்கம் போட்டிருக்கிறாள். நீங்களும் பொம்மை பொம்மையாகப் போட்டு வரவேற்கிறீர்கள். இப்போது இதை அனுப்புகிறேன்.

ஏப்பா, நீ இதை வாசித்துக்கொண்டிருப்பாய். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. என் தம்பி வாங்கவில்லை. நான் பொய் சொன்னேன். உங்கம்மா மாங்காயில ஒரு குத்தமும் இல்ல.